பெயரும் பெரிசு, வயசும் பெரிசு!

"எங்கள் வீட்டில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் இருக்கிறது" என்று நான் ஆரம்பித்தவுடனேயே வாசகிகளில் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடுவீர்கள். மற்றப் பாதிப்பேர், 'பத்திரிகையில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இத்தனை பவிஷா!' என்று மூக்கின்மேல் விரலை வைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கதையை முழுக்கக் கேட்டால் பொறாமைக்குப் பதில் அனுதாபமே உண்டாகும். யார் கண்டார்கள், உங்கள் வீட்டுக் காருக்கும் ஏதாவது பிரயோஜனம் இருக்கலாம்.

அது 2009-ஆம் வருஷத்து வண்டி. 2017-ல் நாங்கள் வாங்கியபோது அதற்கு வயது எட்டு. எங்களுக்கு முன்னால் இரண்டு எஜமானர்களைப் பார்த்திருந்தது. நாங்கள் கொடுத்த விலை 7 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். அதே பணத்துக்கு அந்த வருஷம் புத்தம் புதிய கார் ஒன்றை, ஆசனத்தின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கலாம் என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறார்.

பெயர் இருக்கிறதே, பெயர், அதுதான் முதல் தொல்லை. அந்தக் காரில் போய் இறங்கினால் முருங்கைக்காய்க்காரி ஐந்து ரூபாய் கூட்டிச் சொல்கிறாள். கல்யாண வீட்டில் இருபது வருஷமாகப் பார்த்திராத ஒன்றுவிட்ட சித்தப்பா ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியிலேயே கைமாற்றுக் கேட்கிறார். "வாடகைக்கு எடுத்ததா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. இவர்களிடம் எல்லாம், "ஐயா, இது எட்டாவது மாடியிலிருந்து விழுந்த விலையில் வந்த சரக்கு" என்று விளக்கிக்கொண்டா இருக்க முடியும்?

பின் ஏன் வாங்கினாய் என்கிறீர்களா? கேள்வி நியாயமானது. அதற்கு ஒரே பதில்தான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாமல்லபுரம் ரோடில் அதை ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். எங்களுடையது '325 ஐ' என்கிற ரகம். இரண்டரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஆறு சிலிண்டர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பது போல ஒரே வரிசையில் நிற்கும். அப்படி நிற்பதால் ஒன்றின் உதறலை மற்றொன்று ஈடுகட்டி விடுகிறது. தம்பூராவை மீட்டினாற்போல ஒரு ரீங்காரம்தான் காதில் விழும். வண்டியின் எடை முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ஏறக்குறையச் சமம். தள்ளுவது பின்சக்கரங்களின் வேலை, திரும்புவது முன்சக்கரங்களின் வேலை. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடுவதில்லை. எத்தனை குடும்பங்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது, சொல்லுங்கள்!

அந்தக் கம்பெனியின் பூர்வோத்தரமும் ருசிகரமானதுதான். ஜெர்மனியில் பவேரியா என்ற ராஜ்யத்தின் தலைநகர் மியூனிக். அங்கே 1916-ல் தொடங்கிய ஸ்தாபனம் இது. விமான எஞ்சின்தான் முதலில் செய்தார்கள். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி தோற்றதும் விமான எஞ்சின் செய்யக்கூடாதென்று கட்டுப்பாடு வந்தது. 1923-ல் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். 1928-ல் ஐசனாக் ஊரிலிருந்த கார் தொழிற்சாலையை வாங்கினார்கள். அங்கே தயாராகிக் கொண்டிருந்த கார் எது தெரியுமா? இங்கிலாந்தின் குட்டி ஆஸ்டினை லைசென்ஸ் வாங்கிச் செய்தது! முகப்பில் இருக்கும் நீலமும் வெள்ளையுமான வட்டத்தைச் சுழலும் விமான விசிறி என்று எல்லாரும் சொல்வார்கள். அது பவேரியாவின் கொடி வர்ணம். 1929-ல் வந்த ஒரு விளம்பரப் படத்தில் விசிறிக்குள் அந்த வட்டத்தைப் போட்டுவிட்டார்கள். அன்று பிறந்த கட்டுக்கதை இன்றும் சாகவில்லை.

இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகு அவர்களுக்கு வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. 1955-ல் முட்டை மாதிரி ஒரு வண்டி செய்தார்கள். இஸெட்டா என்று பெயர். வீட்டுக் கதவு போல முகத்தையே திறந்துகொண்டு உள்ளே ஏற வேண்டும்! 1959 டிசம்பரில் கம்பெனியையே போட்டிக் கம்பெனியான டைம்லர் பென்ஸுக்கு விற்றுவிடுவதென்று ஏற்பாடு. பொதுக்கூட்டத்தில் சில்லறைப் பங்குதாரர்களும் ஏஜெண்டுகளும் எழுந்து ஆட்சேபம் செய்து அதைத் தடுத்துவிட்டார்கள். பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் என்ற முதலாளி தன் பணத்தைப் போட்டுக் காப்பாற்றினார். வேண்டாமென்று விற்கப் போனதை வைத்துக்கொண்டு பிழைத்த கம்பெனி அது. இந்த விஷயம் எங்கள் வீட்டு வாக்குவாதம் ஒன்றில் எனக்கு உபயோகப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வண்டி மட்டும் ஜெர்மனியைக் கண்ணால் கண்டதில்லை. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் மஹிந்திரா ஸிட்டி இருக்கிறதல்லவா? அங்கே 2007 மார்ச்சில் அந்தக் கம்பெனி ஒரு தொழிற்சாலை திறந்தது. பாகங்கள் கடல் கடந்து பெட்டிகளில் வரும். இங்கே நம் பிள்ளைகள் பூட்டி முடிப்பார்கள். அப்படிப் பூட்டிய வண்டி எங்களுடையது. இதைக் கேட்ட அன்றுதான் என் மாமியாருக்கு அதன்மேல் முதன்முதலாக ஓர் அபிமானம் பிறந்தது. "பாடலாத்ரி நரசிம்மர் எல்லையில் பிறந்ததா! முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

* * *

இனி ரிப்பேர் விஷயம்.

பழைய பி.எம்.டபிள்யூவை விலைக்கு வாங்குவது சுலபம். அதன் விலை குறைந்துகொண்டே போகும். உதிரிப் பாகத்தின் விலை மட்டும் குறையாது. வண்டி ஏழு லட்சமாகலாம். ஆனால் அதன் முன்விளக்கு, முப்பது லட்ச ரூபாய்க் காரின் முன்விளக்காகவே இருக்கும். வாங்குகிறவர்கள் முக்கியமாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

எங்களுக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். பாய் என்றுதான் கூப்பிடுவோம். புதுப்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பட்டறை. பெரிய கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவர். முதல் நாள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இத பாரும்மா, இந்த வண்டி எஞ்சின் சீக்கிரத்துல சாகாது. ஆனா அதைச் சுத்தி இருக்கிற ரப்பரும் பிளாஸ்டிக்கும் நம்ம ஊரு சூட்டுல பொரிஞ்சு போவும். அதை மாத்திக்கிட்டே இருந்தா போதும்."

எவ்வளவு உண்மை! எஞ்சினின் தலைமேல் ஒரு மூடி இருக்கிறது. அதற்கு அடியில் ஒரு ரப்பர் கேஸ்கட். உங்கள் பிரஷர் குக்கர் கேஸ்கட்டுக்கும் அதற்கும் விதி ஒன்றே. நாளாக ஆக, சூட்டில் இறுகிக் கட்டையாகிவிடும். குக்கரில் நீராவி போகும். இங்கே எண்ணெய் கசிந்து சூடான குழாயில் சொட்டும். நாற்றம் வண்டிக்குள் வரும். இதை நான் பாயிடம் குக்கர் உதாரணம் சொல்லிக் கேட்டபோது, "இப்படி யாரும் எனக்கே சொல்லித் தரல்லியேம்மா!" என்று சந்தோஷப்பட்டுப் போனார்.

கேஸ்கட் விலை அதிகமில்லை. கழற்றிப் பூட்டும் கூலிதான் அதிகம். எஞ்சினின் உடம்பில் பாதி மக்னீஷியம் உலோகம். எடை குறைய வேண்டுமென்பதற்காக ஜெர்மன்காரர்கள் செய்த யுக்தி. அதில் இரும்பு போல்ட்டுப் போட்டால் அரித்துவிடும் என்று பல இடங்களில் அலுமினிய போல்ட்டுப் போட்டிருக்கிறார்கள். அவற்றை ஒரு தடவை கழற்றினால் மறுபடி பூட்டக்கூடாது. புதிது வாங்க வேண்டும். பழைய போல்ட்டையே முறுக்குகிற மெக்கானிக்கைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது உத்தமம்.

எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க மற்றக் கார்களில் ஒரு கம்பி இருக்கும். உருவித் துடைத்துப் பார்க்கலாம். இதில் கம்பியே கிடையாது! எஞ்சினே அளந்து, முன்னாலுள்ள பலகையில் படம் போட்டுக் காட்டும். பாட்டரி பின்பக்கச் சாமான் அறையில், வலது பக்கம் இருக்கிறது. எடை சமமாக வேண்டுமாம். அதை மாற்றினால் மட்டும் போதாது. 'புதுப் பாட்டரி வந்திருக்கிறது' என்று கம்ப்யூட்டர் மூலம் வண்டிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பாட்டரி என்று நினைத்துக்கொண்டு அதற்குத் தகுந்தபடியே மின்சாரம் ஏற்றும். இப்படி ஒரு மருமகள் அமைந்தால் வீடு என்ன பாடுபடும்!

எல்லாவற்றிலும் மோசக்காரன் தண்ணீர் பம்புதான். சாதாரணக் கார்களில் எஞ்சினே பெல்ட்டின் மூலம் அதைச் சுற்றும். கெட்டுப் போகுமுன் சத்தமோ கசிவோ காட்டும். எங்கள் வண்டியில் அது மின்சாரத்தில் ஓடுகிறது. நேற்று வரை ஓடும், இன்று நிற்கும். இடையில் ஒரு தும்மல்கூடக் கிடையாது. அதற்குமேல், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் இந்த ரகத்தில் இல்லை. விளக்குத்தான். மஞ்சள் எரிந்தால் எச்சரிக்கை. சிவப்பு எரிந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

2019-ல் மயிலம் முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். மதுராந்தகம் ஏரியைத் தாண்டியதும் மஞ்சள். நூறடி போவதற்குள் சிவப்பு! ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். "அடுத்த ஊர் வரைக்கும் மெள்ள உருட்டேன்" என்றார் என் கணவர். நான் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் அலுமினியத் தலைப்பாகம் கோணிக்கொண்டிருக்கும். செலவு பத்து மடங்காகியிருக்கும். கயிறு கட்டி இழுத்துப் போகவும் நான் சம்மதிக்கவில்லை. கியர் தானாக மாறுகிற, பின்சக்கரம் தள்ளுகிற வண்டியைச் சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்ப் பெட்டி கெடும். தட்டு லாரி வர மூன்று மணி நேரம். புளியமரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து, கொண்டுபோயிருந்த புளியோதரையைப் பிரித்தோம். என் மாமியார் வண்டியைப் பார்த்து, "நரசிம்மர் எல்லையைத் தாண்டினதும் வேலையைக் காட்டிவிட்டது பார்!" என்றார்.

பம்பு விலையைக் கேட்டபோதுதான் எனக்குச் சூடு ஏறியது. கம்பெனி முத்திரையோடு ஒரு விலை. அதே பம்பைக் கம்பெனிக்குச் செய்து கொடுக்கிற தொழிற்சாலையின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் ஏறக்குறையப் பாதி விலை. உள்ளே இருப்பது ஒன்றுதான்! இந்த சூட்சுமத்தைக் கற்றபிறகு நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக் கடைகளில் ஏறி இறங்கவும், டில்லி காஷ்மீரி கேட் வியாபாரிகளிடம் டெலிபோனில் அரைகுறை ஹிந்தியில் பேரம் பேசவும் தேறிவிட்டேன். ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த ரூபாய். பால் கணக்கு எழுதுகிற கைக்கு இது பெரிய காரியமா? அந்த நோட்டு பின்னால் எனக்குச் செய்த உதவியை நான் மறக்கமாட்டேன்.

* * *

இன்ஷியூரன்ஸ் என்றாலே நம்மில் பலர் ஏஜெண்டு நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. பழைய கார் வைத்திருப்பவர்கள் அப்படி இருக்க முடியாது.

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை அச்சிட்டிருக்கும். வண்டி அடியோடு போய்விட்டால் கம்பெனி தரக்கூடிய உச்சவரம்பு அதுதான். புது வண்டிக்கு இதற்கொரு அட்டவணை உண்டு. வாங்கி ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 5 கழிவு. பிறகு ஏறிக்கொண்டே போய், ஐந்தாவது வருஷத்தில் நூற்றுக்கு 50. ஐந்து வருஷத்தைத் தாண்டினால் அட்டவணையே கிடையாது. கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான். 'பேசி' என்ற வார்த்தையைக் கவனியுங்கள்! பெரும்பாலோர் பேசுவதே இல்லை. கம்பெனி போட்ட தொகைதான் தொகை. பிரீமியம் குறைகிறதே என்று சந்தோஷம் வேறு.

குறைந்த ஐ.டி.வி.யில் இருக்கிற ஆபத்து இரண்டு. தொலைந்து போனால் குறைவாகக் கிடைக்கும் என்பது ஒன்று. அது எல்லாருக்கும் தெரியும். மற்றொன்று நுட்பமானது. ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால், ரிப்பேர் செய்யக்கூடிய வண்டியானாலும் 'முழு நஷ்டம்' என்று கணக்கு வைத்துவிடுவார்கள். மலிவான பாகமுள்ள காருக்கு இது சுலபத்தில் நேராது. பெரிய பெயருள்ள பழைய காருக்கோ, இரண்டு விளக்கும் ஒரு பம்பரும் உடைந்தாலே பாதித் தூரம் வந்துவிடும்!

ரிப்பேருக்கே பணம் கொடுத்தாலும் முழுசாக வராது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பாட்டரி எல்லாவற்றுக்கும் பாதி கழிவு. பத்து வருஷம் தாண்டிய வண்டியானால் இரும்புச் சாமானுக்கும் பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. இந்தக் கழிவே இல்லாத விசேஷ பாலிசி இருக்கிறது. அதைப் புதிய கார்களுக்குத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

இவையெல்லாம் எனக்குக் காகிதத்தில் தெரிந்திருந்தன. அனுபவத்தில் தெரிந்தது 2023 டிசம்பரில்.

மிக்ஜாம் புயல் அந்த மாதம் 3, 4 தேதிகளில் சென்னையைப் புரட்டி எடுத்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாங்கள் இருப்பது வேளச்சேரிக்குப் பக்கம். மற்றதைச் சொல்லவும் வேண்டுமா? காரை மேடான தெருவில் கொண்டுபோய்த்தான் விட்டிருந்தோம். அந்த வருஷம் மேடும் மடுவும் ஒன்றாகிவிட்டன. தண்ணீர் வடிந்து, முழங்காலளவில் நடந்துபோய்ப் பார்த்தபோது, ஆசனத்தின் அடிப்பாகம் வரை சேற்றுக் கோடு. தரைவிரிப்பின்கீழ் மெத்தை போல ஒரு பஞ்சு. அது குளத்தையே குடித்திருந்தது.

பக்கத்துத் தெருவில் ஒருவர் தம் காரை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்தார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைக் காற்றைப் போல அழுத்த முடியாது. அழுத்தப் பார்த்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்குக் கம்பெனி கொடுக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை நாம் கிளப்பியதால் எஞ்சினுக்கு வந்த சேதத்துக்குச் சாதாரணப் பாலிசியில் கொடுக்காது. தனியாக 'எஞ்சின் பாதுகாப்பு' என்று சேர்த்திருக்க வேண்டும். இன்னொரு வீட்டில், பழைய வண்டிதானே என்று மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தார்கள். சட்டத்துக்கு அது போதும், வெள்ளத்துக்குப் போதாது. அவர்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை. உங்கள் வீட்டுப் பாலிசியில் எது இருக்கிறது? இதைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து பாருங்கள்.

நான் சாவியைத் தொடவில்லை. பாட்டரி இணைப்பைக் கழற்றச் செய்து, சேற்றுக் கோடு தெரியும்படி போட்டோக்கள் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஊர் முழுக்கக் கார்கள் முழுகியிருந்ததால் சர்வேயர் வர ஒன்பது நாள் ஆயிற்று. தட்டு லாரியில் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போன வண்டிக்கு அவர்கள் போட்ட மதிப்பு 6 லட்சத்து 80 ஆயிரம். எங்கள் ஐ.டி.வி. 4 லட்சத்து 50 ஆயிரம். அதில் நூற்றுக்கு 75 என்றால் 3,37,500. முழு நஷ்டம்! கட்டாயக் கழிவு 2,000 போக 4,48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வண்டியைக் கழித்துவிட வேண்டியதுதான் என்றார்கள்.

பாய் வந்து பார்த்தார். பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "எஞ்சின் நல்லா இருக்கும்மா. உள்ள ஒயரிங், ரெண்டு மூணு கண்ட்ரோல் பெட்டி, மோட்டார், பாட்டரி, பாதி சீட்டு, இதான்" என்று கணக்குப் போட்டார். பாகங்கள் 2,10,000, கூலி 80,000. மொத்தம் 2,90,000. வரம்புக்குள் வந்துவிட்டது.

அன்றிரவு என் கணவர் காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு பத்தி எழுதினார். அவர் பாங்கில் உத்தியோகம் பார்ப்பவர். கணக்கில் தவறு வராது. வண்டியைக் கழித்தால் 4,48,000 கையில் வரும். வீட்டுக் கடனில் ஒரு பகுதி அடையும். ரிப்பேர் செய்தால் பாகங்களில் பாதியும் கூலியும் சேர்த்து, கட்டாயக் கழிவு போகக் கம்பெனி தருவது 1,83,000. மீதி 1,07,000 எங்கள் கையிலிருந்து. எண்ணெய், கூலண்ட் முதலிய செலவாகிற சரக்குக்குக் கம்பெனி தராது, அது 18,000. ஆக 1,25,000. வர வேண்டியது வராமல், போகக் கூடாதது போய், வித்தியாசம் 5,73,000 ரூபாய். "வெள்ளத்தில் மூழ்கின வண்டிக்கு நாளைக்கு மூன்று லட்சம்கூட வராது. மூன்று லட்ச ரூபாய்ச் சாமானுக்கு ஐந்தே முக்கால் லட்சமா?" என்றார்.

அந்தக் கணக்கில் பிழை கிடையாது. நான் அதை மறுக்கவில்லை. "அந்த நாலரை லட்சத்துக்கு நாம் வேறு பழைய கார்தானே வாங்க வேண்டும்? அதற்கு எவன் என்ன செய்தானோ, யாருக்குத் தெரியும்? இதன் ஜாதகம் முழுக்க என் நோட்டில் இருக்கிறது" என்றேன். 1959-ஆம் வருஷத்துப் பங்குதாரர் கூட்டத்தையும் இழுத்தேன். "அவர்கள் கம்பெனியைக் காப்பாற்றினார்கள், நீ ஓட்டைக் காரைக் காப்பாற்றுகிறாய்" என்றார் அவர்.

அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் கேட்டார்: "கழிச்சா, அந்த வண்டி எங்கேடா போகும்?"

ஏலத்தில் போகும் என்று விளக்கினார் அவர். யாராவது வாங்கி, மேலுக்குத் துடைத்து, வேறு ஊரில் விற்பார்கள்; 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப் போன வண்டிகள் அநேகம்.

"வெள்ளத்துல முழுகினதுன்னு சொல்லி விற்பானா?"

பதில் இல்லை.

"அப்போ இன்னொருத்தி குழந்தை குட்டியோட நடுரோட்டிலே நிக்கணும். அவகிட்டே புளியோதரை இருக்குமோ இருக்காதோ!" என்று சொல்லிவிட்டு, கீரையோடு சமையலறைக்குள் போய்விட்டார்.

அதற்குமேல் பேச்சு நீளவில்லை. ஆனால் ஓர் ஒப்பந்தம்: 1,25,000 ரூபாயும் என் பணம். வளையலுக்கென்று மூன்று வருஷமாகப் போட்டு வந்த ரெக்கரிங் டெபாசிட்டை முடித்தேன்.

சர்வேயர் நல்ல மனிதர். பாயின் பட்டறையில் செய்ய ஒப்புக்கொண்டார். ஆனால் மாற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் போட்டோ, பழையதைக் கண்ணில் காட்டவேண்டும், ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில் வேண்டும் என்று நிபந்தனை. என் நோட்டை அரைமணி நேரம் புரட்டினார். "இந்த மாதிரி வைத்திருந்தால் எங்கள் வேலை பாதி குறையும்" என்றார்.

அந்த மார்கழியும் தையும் எங்கள் மொட்டைமாடி வேடிக்கைக் காட்சியாக இருந்தது. வடகத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன் ஆசனங்கள் காய்ந்தன! பாய் ஒவ்வொரு ஒயர் முனையையும் பிரித்து, பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு மூன்றிலும் எண்ணெயை வடித்து மாற்றினார். பிப்ரவரி இரண்டாம் வாரம் வண்டி கிளம்பியது. அதே தம்பூரா. நாற்றம் மட்டும் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் மாமியார் தூபக்காலில் சாம்பிராணி போட்டு, நாலு கதவையும் மூடி, வண்டிக்குள் புகை பிடித்தார். அதற்குப் பிறகு கோயில் வாசனை வந்துவிட்டது. வண்டியில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றலாமா என்று கேட்கிறார்கள்.

* * *

2024-ல் வண்டிக்குப் பதினைந்து வயது நிறைந்தது. மறுபடி பதிவு செய்ய வேண்டும். தகுதிச் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணத்தைக் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தினார்கள். இறக்குமதியான காருக்கு 40,000. ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தா முகப்பு வட்டத்தைப் பார்த்தார், "இறக்குமதி" என்றார். சிங்கப்பெருமாள் கோயில் என்றேன். சிரித்தார். பதிவுப் புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயரையும் ஊரையும் காட்டினேன். மேலதிகாரியிடம் போய்வந்து, 5,000-க்கு ரசீது எழுதினார். நரசிம்மர் 35,000 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தார் என்பது என் மாமியாரின் திடமான அபிப்பிராயம்.

ஜெர்மனியில் முப்பது வயது தாண்டி, நல்ல நிலையிலிருக்கும் காருக்கு நம்பர் பலகையின் கடைசியில் 'எச்' எழுத்துப் பதித்து மரியாதை செய்கிறார்கள், வரியிலும் சலுகை. மியூனிக்கில் அந்தக் கம்பெனியே பழைய ரகங்களுக்குப் பாகம் விற்கத் தனி இலாகா வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2021-ல் வந்த விதிப்படி, புராதன வாகனம் என்ற அந்தஸ்து வேண்டுமானால் முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்ட வேண்டும். எங்கள் வண்டிக்கு அது 2059-ல் கிடைக்கும். அப்போது எனக்கு எழுபது வயது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கிற காலத்தில் பழைய கார்களை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு எந்தச் சலுகையும் இல்லாதது நியாயமாக எனக்குப் படவில்லை.

பாலிசி புதுப்பிக்கும்போது வெள்ளத்தில் வாங்கிய பணத்தின் பலன் தெரிந்தது. ஐந்து வருஷம் உரிமை கோராதவர்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் நூற்றுக்கு 50 வரை தள்ளுபடி உண்டு. ஒரு தடவை வாங்கிவிட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். எங்களுடையதும் இறங்கியது. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காரானபடியால் மூன்றாம் நபர்ப் பகுதிக்கே 2022 ஜூனில் நிர்ணயித்த 7,897 ரூபாய் விகிதம். இரண்டு கம்பெனிகள், பதினைந்து வயதாகிவிட்டது, முழுப் பாலிசி கிடையாது என்று சொல்லிவிட்டன. மூன்றாவது கம்பெனிக்காரர் வண்டியை நேரில் பார்க்க வந்தார். 2 லட்சம் என்று ஆரம்பித்தார். நான் நோட்டையும், போட்டோக்களையும், பில்களையும், அதே ரகத்து வண்டிகளுக்குச் சென்னையில் கேட்கிற விலைகளையும் மேஜைமேல் பரப்பினேன். காப்பி கொடுத்தேன். இரண்டாவது காப்பியும் கொடுத்தேன். 3 லட்சத்து 25 ஆயிரத்தில் முடிந்தது.

அடுத்த தவணை அக்டோபரில். அதற்குள் டிரைவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறங்கமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. உள்ளே இருக்கிற தூக்கு மிஷினில் ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும் என்கிறார் பாய். புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் புதுப்பேட்டைக்குப் போக வேண்டும்.